மரம் வளைக்கும் மின்சாரச் சூட்டுக்குழாய்

நம் ஊர் வாத்தியங்களில் மரத்தை வளைக்கிற வேலை அநேகமாகக் கிடையாது. தஞ்சாவூர் வீணையின் குடத்தைப் பலாக்கட்டையில் குடைந்து எடுக்கிறார்கள். மிருதங்கக் கட்டையும் குடைந்ததுதான், கஞ்சிரா வளையமும் அப்படித்தான். பறையின் வட்டச் சட்டத்தைக்கூட யாரும் வளைப்பதில்லை. வில்லாக அறுத்த மூன்று துண்டுகளைச் சேர்த்து, உட்புறம் தகடு அடித்து இணைத்துவிடுகிறார்கள். குடைவதில் இவ்வளவு தேர்ந்த கைகள் இருந்தும், ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை உடையாமல் வளைக்க ஒரு கருவி வேண்டுமென்றால் அதை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தத் தேவை இன்று நேற்று வந்ததல்ல. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. சேலம், நாமக்கல் பக்கம் வயலினும் கிட்டாரும் கற்கும் பிள்ளைகள் ஏராளம். ஆனால் வயலின் கீழே விழுந்து பக்கப்பட்டை நசுங்கினால், வெள்ளைப் பசையும் துணியும் வைத்து ஒட்டித் தருகிறவர்களே அதிகம். புதுப் பட்டை வளைத்துப் பொருத்துகிறவர் அரிது. கைத்திறன் குறைவென்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. கருவி இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கருவிக்கு வேண்டிய அத்தனையும் இந்த இரண்டு மாவட்டங்களுக்குள்ளேயே கிடைக்கும். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக்குகளுக்கும் நாமக்கல்லில் லாரிகளுக்கும் உதிரிபாகம் கடையும் லேத் பட்டறைகள் இருக்கின்றன. பாக்கெட் போடும் மெஷின்களுக்கு ஹீட்டரும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் விற்கும் மின்சாமான் கடைகள் இருக்கின்றன. ஏற்காட்டிலிருந்து இறங்கும் மரம் சேலத்து மரக்கடைகளுக்கு வருகிறது. இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்தப்போவது ஒன்றுதான்: குழாயின் சூடு ஏறாமல் இறங்காமல் நிலையாக நிற்க வேண்டும். உலோகம், ஹீட்டர், ஒயரிங் என்று இனி வரும் தேர்வுகளெல்லாம் அதற்காகத்தான்.

சூடு எவ்வளவு, ஏன்

மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது லிக்னின் என்ற இயற்கைப் பசை. ஈரத்தோடு நூறு டிகிரி செல்சியஸ் பக்கம் போகும்போது அது இளகும், ஆறியதும் பழையபடி இறுகிவிடும். இளகி இருக்கும் அந்தச் சில நொடிகளில் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறிக்கொள்கின்றன. வளைவு நிலைத்து நிற்பது அதனால்தான்.

பட்டையின் உள்ளே நூறு டிகிரி எட்ட வேண்டுமானால் குழாயின் மேல்பரப்பு 160 முதல் 190 டிகிரி வரை இருக்க வேண்டும். 140க்குக் கீழே இருந்தால் மரம் இளகுமுன்பே ஈரம் காய்ந்து போகும், அழுத்தினால் சடக்கென்று உடையும். 210ஐத் தாண்டினால் உள்ளே சூடு போய்ச் சேருமுன் மேற்பரப்பு கருகும். ஆக, வேலை செய்யத்தக்க இடைவெளி முப்பது நாற்பது டிகிரிதான். பழைய இத்தாலியப் பட்டறைகளில் கனலில் காய்ச்சிய இரும்பை வைத்தே இதைச் சாதித்தார்கள். ஆயுள் முழுக்க அதையே செய்தவர்களுக்கு இரும்பின் சூடு கையிலேயே தெரியும். கேஸ் டார்ச்சைக் குழாய்க்குள் சொருகி வளைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் தீ படும் இடம் ஒரு சூடு, தள்ளி ஒரு சூடு. ஜன்னல் காற்று வீசினால் வேறொரு சூடு. புதிதாகக் கற்கிறவருக்கு மரம் உடைந்தது தன் கையாலா சூட்டாலா என்றே தெரியாமல் போகும். மின்சாரக் குழாயில் அந்தக் குழப்பம் இல்லை.

எந்த உலோகம்

சேலத்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 1980களின் தொடக்கத்திலிருந்து ஸ்டீல் பிளான்ட் நம் ஊரில் இருக்கிறது, பழைய இரும்புக் கடைகளில் துண்டுக் குழாயும் கிடைக்கும். ஆனாலும் குழாய்க்கு அது வேண்டாம். வெப்பத்தைக் கடத்தும் திறனை மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்று அளப்பார்கள். ஸ்டெயின்லெஸ் 304க்கு அது சுமார் 16, சாதா இரும்புக்கு 50 சுற்றிலும், பித்தளைக்கு 110க்கு மேல், அலுமினியக் கலவைகளுக்கு 170 அளவில். ஈரமான பட்டையை ஓர் இடத்தில் அழுத்தும்போது அங்கே சூடு உறிஞ்சப்படுகிறது. அந்தக் குறையைச் சுற்றியுள்ள உலோகம் உடனே ஈடுகட்ட வேண்டும். ஸ்டெயின்லெஸ்ஸால் அது முடியாது. தொட்ட இடம் ஆறிப்போகும், பக்கத்து இடம் கொதிக்கும்.

இரும்பில் வேறொரு தொல்லை. கடுக்காய்த் தண்ணீரும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மையாகும் என்பது நம் பாட்டிமார் அறிந்தது. கடுக்காயில் இருக்கும் அதே துவர்ப்புச் சத்து பல மரங்களிலும் உண்டு. ஈரமான பட்டையைச் சூடான இரும்பில் தேய்த்தால் நீலக்கறுப்புக் கறை ஏறிவிடும். இழைத்தாலும் முழுக்கப் போகாது. அதனால் அலுமினியம்தான் என் தேர்வு. கடையில் ஹெச்ஈ-30 என்று கேளுங்கள். கடைய நன்றாக வரும், சூடும் சீராகப் பரவும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு இந்த வேலையில் வேறு இரண்டு இடங்கள் உண்டு, அவை பின்னால் வருகின்றன.

லேத் பட்டறையில்

வெறும் மெல்லிய குழாயைவிட, கனமான உருளையில் ஹீட்டருக்கு மட்டும் துளை போட்ட தடித்த குழாயே நல்லது. உலோகம் கூடுதலாக இருந்தால் அது தாங்கி வைத்திருக்கும் சூடும் கூடுதல்.

நான் சொல்லும் அளவு இது. மொத்த நீளம் 165 மி.மீ. இதில் பின்பக்கம் 120 மி.மீ. நீளத்துக்கு 60 மி.மீ. விட்டம், முன்பக்கம் 45 மி.மீ. நீளத்துக்கு 25 மி.மீ. விட்டத்தில் ஒரு மூக்கு. பெரிய பாகம் கிட்டார் பக்கப்பட்டைக்கும் வயலினின் மேல், கீழ் வளைவுகளுக்கும் போதும். மூக்கு, வயலினின் நடு இடுப்பில் மூலையருகே வரும் இறுக்கமான வளைவுக்கு. வயலின் பட்டையின் அகலம் 30 முதல் 32 மி.மீ. வரைதான், ஆகவே 45 மி.மீ. மூக்கு தாராளம். கழுத்தோரம் வெட்டுள்ள கிட்டார் செய்ய நினைப்பவர்களுக்கு மட்டும் இந்த மூக்கு போதாது. அவர்கள் மூக்கை 110 மி.மீ. நீளத்தில் தனியாகக் கடைந்துகொள்ள வேண்டும்.

பட்டறைக்குப் போகும்போது ஹீட்டரையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். 12.5 மி.மீ. விட்டம், 150 மி.மீ. நீளம், 230 வோல்ட், 300 வாட் கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். "இது எந்த மெஷினுக்குங்க?" என்று லேத்காரர் கேட்பார். "மரம் வளைக்கறதுக்குங்க, வயலின் வேலை" என்று சொல்லிப் படத்தைக் காட்டினால் ஆர்வமாகவே செய்து தருவார். ஹீட்டரை வெர்னியரில் அளந்து, அதைவிட 0.1 மி.மீ.க்கு மேல் பெரிதாகாமல் துளை போட்டு, ரீமர் விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கையால் தள்ளினால் போக வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது. இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நடுவே காற்று நின்றால் சூடு வெளியே வர வழியில்லாமல் ஹீட்டருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் தானே காய்ந்து அறுந்துபோகும். கார்ட்ரிட்ஜ் ஹீட்டர்கள் சீக்கிரம் போவதற்குத் தளர்ந்த துளை ஒரு பெரிய காரணம்.

துளை பின்பக்கத்திலிருந்து 150 மி.மீ. ஆழம். மூக்கின் நுனியில் ஒரு 4 மி.மீ. சிறு துளை அதோடு சேரும்படி போடுங்கள். என்றாவது ஹீட்டர் போனால் அதன் வழியாகக் கம்பி விட்டுத் தட்டி எடுக்கலாம். பின்முகத்தில் சென்சருக்கு 6 மி.மீ. துளை, 60 மி.மீ. ஆழத்துக்கு, வெளிப்பரப்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே. சென்சர் ஹீட்டரை ஒட்டி இருக்கக் கூடாது. நமக்குத் தெரிய வேண்டியது மரம் தொடும் பரப்பின் சூடு. அதே முகத்தில் தாங்கு கம்பிகளுக்கு மூன்று எம்6 மரையும் எர்த்துக்கு ஒரு எம்5 மரையும் எடுக்க வேண்டும். விளிம்புகளையெல்லாம் நன்றாக உருட்டச் சொல்லுங்கள், கூர் விளிம்பு பட்டையில் கோடு போட்டுவிடும். கடைசியில் 220, 400 எமரித் தாள்களால் மெருகேற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவினால் உருளை தயார்.

இதை மேசையில் நிறுத்த 50 மி.மீ. நீளமுள்ள மூன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டுகள் போதும். மறுமுனையில் 5 மி.மீ. இரும்புத் தகடு, அதை வைஸில் பிடிக்கலாம் அல்லது மேசையில் போல்ட் போடலாம். ஸ்டெயின்லெஸ் சூட்டைக் கடத்தாது என்ற குறை இங்கே நன்மையாகிறது. மூன்று கம்பிகள் வழியாக மேசைக்குப் போகும் சூடு மிகச் சொற்பம்தான். பழைய வழக்கப்படி நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் துண்டு வைக்காதீர்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். இடையில் காற்று இருந்தாலே போதும்.

ஹீட்டரும் கட்டுப்பாடும்

300 வாட் போதுமா என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த உருளையின் எடை 900 கிராமுக்குச் சற்று மேல். 35 டிகிரியிலிருந்து 180க்குக் கொண்டுபோக சுமார் 1,20,000 ஜூல் வேண்டும். 300 வாட்டில் ஏழு நிமிடம், காற்றில் போகும் சூட்டையும் சேர்த்தால் எட்டு ஒன்பது நிமிடம். சூடேறிய பிறகு அதே நிலையில் நிறுத்தி வைக்க 50 வாட் சுற்றிலும் போதும். மீதி 250 வாட்டும் ஈர மரம் உறிஞ்சுவதை ஈடுகட்டக் காத்திருக்கிறது. இதற்கு மேல் வாட் கூட்டினால் சூடு குறியைத் தாண்டி ஓடுமே தவிர வேலைக்கு உதவாது.

வெந்நீர் போடும் இம்மர்ஷன் ராடைக் குழாய்க்குள் நுழைத்துப் பார்க்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். கூடவே கூடாது. அது தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்று நம்பிச் செய்த சாதனம், வெறும் காற்றில் ஓட்டினால் சில நிமிடங்களில் எரிந்துபோகும். மின்விசிறி ரெகுலேட்டரும் வேண்டாம். அது நூறு வாட்டுக்கு உள்பட்ட விசிறிக்கானது.

ஹெவி டியூட்டி டிம்மர் வைத்தால் வேலை நடக்கும்தான். ஆனால் டிம்மருக்குச் சூடு தெரியாது, மின்சாரத்தின் அளவு மட்டும்தான் தெரியும். கிராமத்து லைனில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வோல்டேஜ் கால்பங்கு குறைந்தால் ஹீட்டரின் சக்தி கால்பங்கோடு நிற்காது. அது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 300 வாட் ஹீட்டர் 180 வோல்ட்டில் 184 வாட்தான் தரும். காலையில் குறித்து வைத்த டிம்மர் புள்ளி மாலையில் பொய்யாகிவிடும். பட்டை பாதி வளைந்திருக்கும்போது பக்கத்துத் தோட்டத்து மோட்டார் நின்றால் குழாய் கருகும் சூட்டுக்கு ஏறிவிடும். நம் ஊர் மின்சாரத்துக்கு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வைப்பதுதான் சரி. வோல்டேஜ் குறைந்தால் சூடேற நாலைந்து நிமிடம் கூடுதலாகும், நிற்கும் சூடு மாறாது.

கே-டைப் தெர்மோகப்பிள் சென்சரோடு வேலை செய்யும் சாதாரண டிஜிட்டல் கன்ட்ரோலர் போதும். சாலிட் ஸ்டேட் ரிலே தனியாக வாங்கச் சொல்வார்கள். 300 வாட் என்பது 1.3 ஆம்பியர்தான். கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் ரிலே மூன்று ஆம்பியர் தாங்கினால் அதுவே வேலையை முடித்துவிடும். சைக்கிள் நேரத்தை 20 நொடி என்று வையுங்கள். உருளையின் கனம் அந்த ஏற்ற இறக்கத்தை வெளியே காட்டாது. பிறகு ஆட்டோ டியூன் ஓட்டினால் மற்ற எண்களை அதுவே பார்த்துக்கொள்ளும். சென்சரின் இரண்டு முனைகளை மாற்றிக் கொடுத்தால் சூடு ஏற ஏற எண் இறங்கும், அப்படி வந்தால் திருப்பிப் போடுங்கள்.

ரிலே எந்த வகையானாலும் பழுதாகும்போது ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளக் கூடும். அப்போது 300 வாட்டும் நிற்காமல் பாயும், உருளை நானூறு டிகிரியைத் தாண்டிவிடும். அதனால் ஹீட்டர் லைனில் ஒரு 240 டிகிரி தெர்மல் ஃபியூஸைத் தொடராகச் சேர்த்து, பின்முகத்தில் பட்டையால் இறுக்கி வையுங்கள். தெர்மல் ஃபியூஸின் கால்களைச் சாலிடர் செய்தால் அந்தச் சூட்டிலேயே அது போய்விடும். பித்தளைக் குழல் வைத்து நசுக்கித்தான் இணைக்க வேண்டும்.

சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது. குழாயிலிருந்து முதல் அரை மீட்டருக்கு ஃபைபர்கிளாஸ் ஸ்லீவ் போட்ட ஒயர், அதன் முடிவில் பீங்கான் கனெக்டர், அதற்கப்புறம்தான் பிவிசி.

எர்த்

ஈரத்துணியும் ஈர மரமும் ஈரக் கையுமாக ஒரு மின்சார உலோகத்தைத் தொட்டுக்கொண்டே செய்யும் வேலை இது. உருளையின் பின்முகத்து எம்5 மரையில் பச்சை ஒயரை ரிங் லக் வைத்து, நட்சத்திர வாஷரோடு இறுக்குங்கள். தாங்கு தகட்டுக்கும் ஓர் எர்த் கொடுங்கள். மல்டிமீட்டரில் பிளக்கின் பெரிய பின்னுக்கும் உருளைக்கும் இடையே ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். வீட்டு லைனில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லையென்றால், முதலில் அதைப் போட்டுவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள். சித்திரை, வைகாசியில் எர்த் குழி வறண்டு கிடக்கும். ஒயர் சரியாக இருந்தும் எர்த் இல்லாமல் போவது நம் சமவெளியில் சாதாரணம். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றி, எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

புது ஹீட்டரோ, மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த ஹீட்டரோ போட்ட உடனே ஆர்சிசிபி விழுந்தால் ஹீட்டர் போய்விட்டது என்று வீசிவிடாதீர்கள். ஹீட்டரின் கம்பிச்சுருளைச் சுற்றி இறுக்கி நிரப்பியிருப்பது மெக்னீசியம் ஆக்சைடு தூள். கருப்பூர், ஓமலூர் பக்கம் வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைப்பதன் சுத்தமான வகைதான் இது. சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. இந்த இரண்டு குணமும் ஒன்றாக அமைவது அபூர்வம். ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்சிவிட்டால் மின்சாரம் கசியும். ஹீட்டரைக் கழற்றி, நூறு டிகிரிக்குச் சற்று மேல் வைத்த ஓவனில் சில மணி நேரம் உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். அதற்கப்புறமும் கசிந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆர்சிசிபியைத் தவிர்த்து வேறு லைனில் போட்டு ஓட்டிப் பார்க்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

முதல் சூடு

170 என்று வைத்து ஆன் செய்யுங்கள். நுனி மூக்கில் உலோகம் குறைவு, அதனால் அதுதான் முதலில் காயும். எண் 170ஐத் தொட்டதும் வேலையைத் தொடங்காமல் இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்தால் சூடு முழுவதும் சமமாகிவிடும். விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சுரீரென்று பொங்கி உடனே மறைந்தால் சரியான சூடு. சொட்டு முத்தாகத் திரண்டு பரப்பில் உருண்டு ஓடினால் 200 டிகிரி பக்கம் போய்விட்டது, குறையுங்கள். காய்ச்சல் பார்க்கும் மாதிரித் துப்பாக்கி வெப்பமானியை மெருகேறிய அலுமினியத்தில் காட்டிப் பார்த்துக் கலங்காதீர்கள். பளபளப்பான பரப்பில் அது உண்மையைவிட மிகவும் குறைத்தே காட்டும்.

வேலை முடிந்து ஆஃப் செய்தாலும் இவ்வளவு அலுமினியம் தொடும் அளவுக்கு ஆற ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பார்வைக்குச் சூடா ஆறியதா என்று தெரியாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மேலே கவிழ்க்க ஒரு தகரக் கூடு செய்துவிடுங்கள்.

மரமும் கையும்

வயலின் பட்டையின் கனம் 1.0 முதல் 1.2 மி.மீ., கிட்டாருக்கு 2 மி.மீ. சுற்றிலும். பட்டை முழுக்க ஒரே கனம் இருக்க வேண்டும். ஓர் இடம் மெலிந்திருந்தால் வளைவு முழுவதும் அங்கேயே போய் முறியும். நார் ஓட்டம் பட்டையின் நீளத்தோடு நேராகப் போகிறதா என்று விளிம்பைப் பாருங்கள். சாய்ந்து வெளியேறும் நார்தான் சிலாம்பாக எழும்பும். சூளையில் உலர்த்திய மரத்தைவிட நிழலில் காய்ந்த மரம் நன்றாக வளையும்.

கற்றுக்கொள்ள ஏற்காட்டு சில்வர் ஓக்கைப் பரிந்துரைப்பேன். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக்கொடிக்கும் வளர்க்கும் மரம், மலையடிவாரத்தில் எளிதாகக் கிடைக்கும். கால்வெட்டாக, அதாவது ஆண்டு வளையங்களுக்குச் செங்குத்தாக, அறுத்தால் ஜரிகை போட்டதுபோல் ரேகை தெரியும். இதன் தாய்நாடான ஆஸ்திரேலியாவில் கிட்டார் செய்கிறவர்கள் முதுகுக்கும் பக்கத்துக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள், நம் பட்டறைகளில் இதற்குரிய மதிப்பு இன்னும் வரவில்லை. ஈட்டி மரம் அழகாக வளையும். ஆனால் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது 2017 முதல் இருக்கிறது. அனுமதியும் பில்லும் இல்லாத ஈட்டியைத் தொடாதீர்கள்.

ஈரம் எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கருத்து. நான் குறைவான ஈரத்தின் பக்கம். வயலின் பட்டையை இரு புறமும் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தாலே போதும். கிட்டார் பட்டையைப் பத்துப் பதினைந்து நிமிடம் நனைக்கலாம். நம் கோடையில் தகரக் கொட்டகையில் கிடந்த மரம் மிகவும் காய்ந்திருக்கும். அதற்கு மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் நார் உப்பி, காயும்போது பட்டை குறுக்கே குழிந்துபோகும்.

இனி ஸ்டெயின்லெஸ்ஸின் இரண்டாவது இடம். 30 கேஜ் தகட்டில், அதாவது 0.3 மி.மீ. கனத்தில், பட்டையைவிடச் சற்று அகலமாக ஒரு நாடா வெட்டி, இரு முனையிலும் மரப்பிடி போடுங்கள். இதன் அவசியம் கணக்கில் தெரியும். 1.1 மி.மீ. பட்டையை 25 மி.மீ. மூக்கில் சுற்றும்போது வெளிப்புற நார் சுமார் 4 சதவீதம் நீள வேண்டியிருக்கிறது. மரம் நீளுவதில் மகா கஞ்சன், ஒன்றிரண்டு சதவீதத்திலேயே அறுந்துவிடும். ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் அதைவிடப் பல மடங்கு அமுங்கிக்கொடுக்கும். தகட்டை வெளிப்புறம் வைத்து இழுத்துப் பிடித்தால் வெளிநார் நீளுவது குறைந்து உள்நார் அமுங்க ஆரம்பிக்கிறது, சிலாம்பும் எழும்ப முடிவதில்லை. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஓர் ஈரத்துணிப் பட்டை வைத்தால் ஆவி உள்ளேயே அடைபடும்.

வளைவு தொடங்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். வயலினில் நடு இடுப்பு முதலில், கிட்டாரிலும் இடுப்பு முதலில். பட்டை குழாய்க்குச் செங்கோணத்தில் இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு டிகிரி சாய்ந்தாலும் வளைவு முறுக்கிக்கொண்டு போகும், முறுக்கை எடுப்பது வளைப்பதைவிடக் கஷ்டம். பட்டையைச் சும்மா வைத்து, கையின் எடையை மட்டும் கொடுங்கள். முதலில் சீறும் சத்தம் வரும். சத்தம் அடங்கும் தருவாயில், அதுவரை கம்பிபோல் எதிர்த்துக்கொண்டிருந்த பட்டை கைக்குள் தளர்வது தெரியும். அந்தத் தளர்ச்சி வருமுன் ஓர் இம்மிகூட அழுத்தக் கூடாது. வந்தபின் தயங்கவும் கூடாது, ஈரம் போய்விட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தியபடி அழுத்துங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் வளைவு வராது, மடிப்புதான் விழும்.

அச்சுப் படத்தைவிட ஒரு நூல் கூடுதலாகவே வளைத்து, குழாயிலிருந்து எடுத்து, ஆறும்வரை கையிலேயே அந்த வடிவில் பிடித்திருங்கள். ஆறும்போது கொஞ்சம் விரியும். படத்தின்மேல் வைத்துப் பார்த்து, அதிகமாக வளைந்த இடத்தை மறுபுறம் திருப்பிக் குழாயில் லேசாகத் தடவினால் நேராகும். இரண்டாம் முறைக்கு முழு ஈரம் வேண்டாம், வெறும் தெளிப்பு போதும்.

உள்ளே மெல்லிய பழுப்பு ஏறினால் கவலை இல்லை, சுரண்டினால் போய்விடும். வெளிப்புறம் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் உடனே நிறுத்தி, சூடான மரவஜ்ஜிரத்தை உள்ளே தடவி, காய்ந்த பிறகு தொடருங்கள். பாதிக்கு மேல் பிளந்ததை ஒட்டிக் காப்பாற்ற முயலாதீர்கள். அது தந்தியின் இழுப்பில் ஒருநாள் திறக்கும். அந்தத் துண்டைப் பழகுவதற்கு வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குங்கள்.

வளைத்த பட்டையை அன்றே அச்சில் வைத்துக் கிளாம்ப் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு ராத்திரி வேண்டும். கிளாம்ப் கழற்றும்போது பட்டை அச்சைவிட்டு இரண்டு மி.மீ.க்கு மேல் விலகினால், 160 டிகிரியில் மறுபடி ஒருமுறை தடவிச் சரிசெய்த பிறகே மூலைக்கட்டைகளில் வஜ்ஜிரம் போடுங்கள். பசையின் பலத்தால் இழுத்து ஒட்டிய வளைவில் ஓயாத இறுக்கம் தங்கிவிடும். அது ஒட்டிலோ மேல்பலகையிலோ விரிசலாக வெளிப்படும்.